நீவும் கையும் அசையும் உடம்பும்

மோகனூர் வட்டாரத்து உழைப்பு பெரும்பாலும் குனிந்தும் தூக்கியும் செய்கிற உழைப்பு. காவிரியின் வடகரையில் வாழைத் தோட்டம், கரும்புக் காடு, வெற்றிலைக் கொடிக்கால். சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்காகக் கரும்பை வெட்டி, கட்டாகக் கட்டி, சுமந்துபோய் வண்டியில் ஏற்றுகிறவர்கள் ஒரு பக்கம். நாமக்கல் சாலைக்கு ஏறினால், கோழிப்பண்ணைகளில் முட்டை அட்டைகளை அடுக்கி ஏற்றுகிறவர்கள், நாள்கணக்கில் இருக்கையை விட்டு எழாமல் வடநாடு போய்வரும் லாரி ஓட்டுநர்கள். இந்த உடம்புகள் ஒருநாள் பிடித்துக்கொள்கின்றன. இடுப்பு நிமிர மறுக்கிறது. கழுத்து ஒரு பக்கம் திரும்பவில்லை. கை தோளுக்கு மேல் எழவில்லை. முதலில் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் ஒரு கையைத் தேடிப் போகிறார்கள்: "அண்ணா, இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க, கொஞ்சம் நீவி உடுங்க."

அந்தக் கை பலருடையதாக இருக்கலாம். ஊரில் சுளுக்கு வழிக்கிறவர், எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியர், அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவு, பிசியோதெரபி மையம், முடிதிருத்தும் கடை என்று வரிசை நீள்கிறது. நகரங்களில் இதே வேலைக்குப் புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன. தசையுறையைத் தளர்த்துகிறேன் என்கிற மயோஃபேசியல் ரிலீஸ், தசை முடிச்சை விரலால் அழுத்திப் பிடிக்கும் ட்ரிகர் பாயின்ட் முறை, எஃகுத் தகட்டால் தோலின்மேல் வழிக்கும் முறை, கோப்பை வைத்து உறிஞ்சும் முறை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டத் தடங்கள் கடைசியில் சொன்ன முறையை உலகத்துக்கே காட்டின. பெயர்களும் கட்டணங்களும் வேறுவேறு. தோலுக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கிற மென்மையான பகுதியைக் கையால் சரிசெய்ய முடியும் என்கிற நம்பிக்கை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இந்த நம்பிக்கையில் பாதி சரி என்பது என் முடிவு. கை பலன் தருகிறது. ஆனால் பலன் எப்படி வருகிறது என்று கையை வைத்தவர் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் தவறு. விளக்கம் தவறினால் என்ன, வலி போனால் சரிதானே என்று கேட்கலாம். எவ்வளவு பலமாக அழுத்துவது, எத்தனை நாள் வரச் சொல்வது, அதன்பின் நோயாளியை என்ன செய்யச் சொல்வது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த விளக்கம்தான். தவறான விளக்கம் நல்ல கையைக்கூடத் தவறான பக்கம் திருப்பிவிடும்.

பலனை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு, தசையிலும் தசையுறையிலும் கோளாறு உள்ள இடத்தைக் கண்டுபிடித்துக் குறிவைத்துச் செய்யும் தேர்ந்த சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு, உடம்பு இளகுவதற்காக மட்டும் செய்யும் பொதுவான நீவல். மூன்றாவது குழு வழக்கமான மருத்துவத்தோடு நின்றது. வாரம் ஒருமுறை வீதம் பத்து வாரம் முடிந்தபோது, நீவிவிடப்பட்ட இரண்டு குழுவினரும் மூன்றாவது குழுவைவிட நன்றாக நடமாடினார்கள். அந்தப் பலன் ஆறு மாதம்வரை ஓரளவு நின்று, ஓராண்டில் பெரும்பாலும் கரைந்தது. நீவல் வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. அதைவிட முக்கியமான சேதி, குறிவைத்துச் செய்ததற்கும் பொதுவாக நீவியதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்பது. "இந்த முடிச்சை நான் கண்டுபிடிச்சேன், அதை உடைச்சேன், அதனால வலி போச்சு" என்று சொல்கிறவர் மோகனூரில் இருந்தாலும் நியூயார்க்கில் இருந்தாலும் இந்த முடிவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டுதலில் நீவலுக்கு இடம் கொடுத்தது. உடற்பயிற்சி, நோயைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வது ஆகியவற்றோடு சேர்த்துத் தரத்தக்கவற்றில் ஒன்றாக அதை வைத்தது. இடுப்புப் பட்டையையும், இழுவை கட்டுவதையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றும் சொன்னது. நம் ஊர்களில் இடுப்புவலி என்று போனவர் பட்டை வாங்காமல் திரும்புவது அரிது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

விளக்கத்துக்கு வருவோம். இந்தப் பக்கம் சொல்லப்படும் காரணங்கள் நமக்குப் பழக்கமானவை: நரம்பு பிசகிவிட்டது, நரம்பின்மேல் நரம்பு ஏறிவிட்டது, வாயு நின்றுவிட்டது, ரத்தம் கட்டிக்கொண்டது. நகரத்து மையங்களில் கேட்பவை வேறு: தசையுறை ஒட்டிக்கொண்டது, லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, முடிச்சு விழுந்துவிட்டது. முதல் வரிசையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இரண்டாவது வரிசையை அறிவியல் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஆதாரம்தான்.

லாக்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைச் சோரும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு தொடையை மட்டும் பத்து நிமிடம் நீவி, இரு தொடைகளிலும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவு: நீவிய தொடையில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன, லாக்டேட் அளவில் மாற்றமே இல்லை. தசையுறைக்கும் இதே கதைதான். தொடையின் வெளிப்பக்கத் தசையுறையையும் உள்ளங்கால் தசையுறையையும் நூற்றுக்கு ஒரு பங்கு மாற்றவே எவ்வளவு விசை வேண்டும் என்று 2008இல் ஓர் ஆய்வுக்குழு கணக்கிட்டது. மனிதக் கை தாங்கத்தக்க அளவில் தரக்கூடிய விசையைவிட அது மிக அதிகம். கட்டைவிரலாலோ எஃகுத் தகட்டாலோ ஐந்து நிமிடத்தில் ஒட்டுகளைப் பிரித்தேன் என்பது உடம்பின் வலிமையை மிகக் குறைத்து மதிப்பிடும் பேச்சு. சுமை தூக்கியும் ஓடியும் தாங்கிய உறை அது. விரலுக்குப் பிரிந்துகொடுத்தால் நாம் யாரும் நடமாட முடியாது.

முடிச்சு என்னும் கருத்துக்குப் பெரிய ஆளுமையின் பின்புலம் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல், ஜான் கென்னடியின் தீராத முதுகுவலிக்குச் சிகிச்சை செய்து, 1961இல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983இல் அவர் வெளியிட்ட நூல், தசையில் எங்கே அழுத்தினால் வேறெங்கே வலி பரவும் என்று படம் படமாகக் காட்டியது. அந்தப் படங்கள் இன்றும் சிகிச்சை மையங்களின் சுவரில் தொங்குகின்றன. வலி பரவும் விதம் பற்றி அவர் கவனித்தது மதிக்கத்தக்கது. ஆனால் ஒரே நோயாளியை இரண்டு நிபுணர்கள் தொட்டுப் பார்த்தால் முடிச்சு இருக்கும் இடத்தில் அவர்கள் ஒத்துப்போவதில்லை. இதை ஆராய்ந்த தொகுப்பாய்வுகள், தொட்டுப்பார்த்துக் கண்டறியும் முறையை நம்ப முடியாது என்றே முடித்திருக்கின்றன. டிராவெலின் முறையில் எளிதாக மறக்கப்படும் பகுதி ஒன்று உண்டு. தோலின்மேல் குளிர்ந்த திரவத்தைத் தெளித்து வலியை மட்டுப்படுத்திக்கொண்டே தசையை மெல்ல முழு நீளத்துக்கு நீட்டுவார். அழுத்துவதோடு அவர் நிற்கவில்லை.

உண்மையில் நீவும்போது என்ன நடக்கிறது? இறுகிய பொருள் எதையும் கை இளக்குவதைவிட, நரம்பு மண்டலத்தின் எச்சரிக்கையை இளக்குகிறது என்பதுதான் இன்று கிடைக்கும் சான்றுகளோடு பொருந்தும் விளக்கம். தொடுதலும் அழுத்தமும் தரும் சமிக்ஞைகள், வலிச் சமிக்ஞை மூளைக்கு ஏறுவதைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன என்று ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இல் சொன்ன கோட்பாடு பிற்காலத்தில் பல திருத்தங்கள் பெற்றாலும் அடிப்படையில் நிற்கிறது. மெதுவாக, ஒரு விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வருடப்படும்போது மட்டும் நன்கு எதிர்வினை தரும் நரம்பிழைகள் தோலில் இருப்பதும் தெரியவந்திருக்கிறது. நீட்டிப் பழகிய தசை நீள்வதாகத் தோன்றுவதும், பெரும்பாலும் அந்த நீட்டலை உடம்பு இப்போது பொறுத்துக்கொள்கிறது என்பதால்தான். அடிபட்ட பிறகு வலி, தோட்டத்துக் காவல்நாய்போல வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக் குரைக்கத் தொடங்குகிறது. அறிந்த கை தடவிக்கொடுத்தால் அடங்குகிறது.

இந்த விளக்கத்தை ஏற்றால் உடனே மூன்று விஷயங்கள் மாறும். நோயாளி பல்லைக் கடிக்கும் அளவுக்கு அழுத்த வேண்டியதில்லை. கிடைக்கும் நிவாரணம் சில மணி நேரமோ சில நாளோதான் என்பதை முன்பே சொல்லிவிடலாம். அந்தக் குறுகிய நேரத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி சிகிச்சையின் மையத்துக்கு வரும். வலி தணிந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில் அசைக்காத உறுப்பை அசைத்து, பயந்து விட்டுவிட்ட வேலையைச் சிறிதாகத் தொடங்கினால், உடம்பு அந்த அசைவை ஆபத்தில்லாதது என்று மீண்டும் கற்றுக்கொள்கிறது. நீவிவிட்டு, "ஒரு வாரம் அசைக்காதீங்க, அப்புறம் வாங்க" என்று அனுப்பினால் நீவியது வீண்.

"வலிச்சாத்தான் வழியும்" என்கிற நம்பிக்கையால் வரும் கேடு தோள்பட்டை இறுக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது. கை மேலே எழாமல் மாதக்கணக்கில் பூட்டிக்கொள்ளும் இந்த நோய் சர்க்கரை நோயாளிகளிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்னது. ஆக இது சிலருக்கு மட்டும் வரும் நோயல்ல. நெதர்லாந்தில் 77 தோள் நோயாளிகளை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. வலி தாங்கும் எல்லைக்குள் மட்டும் அசைக்கச் சொல்லப்பட்டவர்களில் 89 விழுக்காட்டினர் ஏறக்குறைய இயல்பான தோளைத் திரும்பப் பெற்றார்கள். வலியை மீறி இழுத்தும் நீட்டியும் சிகிச்சை பெற்றவர்களில் அந்த நிலையை எட்டியவர்கள் 63 விழுக்காட்டினர். கையைப் பிடித்து மேலே ஏற்றி, நோயாளி அலற அலற இழுக்கிறவர், நாட்டு வைத்தியரானாலும் பட்டம் பெற்றவரானாலும், அந்த நோயாளிக்குக் குணமாகும் நாளைத் தள்ளிப்போடுகிறார்.

நம் மரபு இதைவிட விரிந்தது. சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை 32 என்று வகுக்கிறது. நீவலைக் குறிக்கும் தொக்கணம் அவற்றில் ஒன்று. தொக்கணத்தை ஒன்பதாகப் பிரிக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். இழுத்தலும் மல்லாத்துதலும் அசைத்தலும் உறுப்பை அசைவுக்குக் கொண்டுவரும் செயல்கள். நீவலையும் அசைவையும் ஒரே சிகிச்சையின் இரண்டு கட்டங்களாக அந்த வகுப்பு பார்த்திருக்கிறது. நடைமுறையில் நம் கண்முன் நடப்பது என்ன? எண்ணெயைச் சுடவைத்து, அழுத்தி வழித்து, ஒரு பற்றுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஒன்பதில் இரண்டு மூன்று மட்டும் எஞ்சியிருக்கின்றன. அசைத்தல் பெரும்பாலும் விடுபட்டுவிட்டது. மரபின்மேல் பற்றுள்ளவர்கள் முதலில் மீட்க வேண்டியது இந்த விடுபட்ட பகுதியைத்தான். வர்ம மருத்துவத்தின் 108 புள்ளிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம். தொக்கணத்தின் கடைசிச் சொல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பிசியோதெரபியின் கதை இதற்கு நேர்மாறாகப் போயிருக்கிறது. அது பிறந்ததே நீவலிலிருந்துதான். லண்டனில் நீவல் நிலையங்களைப் பற்றி அவதூறு கிளம்பியபோது, தங்கள் தொழிலின் நேர்மையைக் காக்க நான்கு செவிலியர்கள் 1894இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பிரிட்டனின் இன்றைய பிசியோதெரபி அமைப்பு அந்தச் சங்கத்தின் வளர்ச்சி. இந்தியாவில் 1952இல் மும்பையில் போலியோ பரவிய பிறகு, அடுத்த ஆண்டு அங்கே முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. செயலிழந்த குழந்தைக் கால்களைக் கையால் அசைத்துப் பழக்குவது அன்றைய முதன்மைப் பணிகளில் ஒன்று. இப்படிப்பட்ட தொழில் இன்று சிறுநகரங்களில் எந்த நிலையில் இருக்கிறது என்று போய்வந்தவர்களைக் கேட்டால் போதும்: "கையே வைக்கலைங்க. மெஷினை வச்சுட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டாரு." நான்கு ஒட்டுப்பட்டை, கொஞ்சம் மின்சாரக் கூச்சம், ஜெல் தடவிய அல்ட்ராசவுண்ட் குமிழ், பத்து நாளைக்கு முன்பணம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டுதல், இந்த மின்தூண்டல் முறைகளையும் அல்ட்ராசவுண்டையும் தர வேண்டாம் என்றே சொல்கிறது. கையால் செய்யும் சிகிச்சையை, உடற்பயிற்சியோடு சேர்ந்தால் மட்டும் தரலாம் என்கிறது. ஊரில் நீவுகிறவரிடம் கை இருக்கிறது, பயிற்சி சொல்லித்தருவது இல்லை. மையத்தில் பயிற்சி கற்றவர் இருக்கிறார், அவர் கையை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்துவிட்டார். ஒரே நேரத்தில் பலரைப் பார்க்க வேண்டிய வருமானக் கணக்கு அவரை அங்கே தள்ளுகிறது என்பது தெரிந்ததுதான். நோயாளி தரும் பணத்துக்கு அது நியாயமாகிவிடாது.

கை வைக்கவே கூடாத இடங்கள் உண்டு. அங்கும் கை வைக்கப்படுகிறது என்ற குறையை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. மரத்திலிருந்து விழுந்த சிறுவனின் முழங்கை வீங்கியிருக்கிறது. எலும்பு முறிந்ததா மூட்டு விலகியதா என்று எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் போட்டு நீவினால், காயம்பட்ட தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். அப்புறம் அந்த முழங்கை மடங்காது, நீளாது. எலும்பு மருத்துவர்கள் அடிபட்ட முழங்கையை நீவாதீர்கள் என்று மன்றாடுவது இதனால்தான். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினால் கேடு இன்னும் பெரிது. ரத்த ஓட்டம் தடைபட்டு முன்கைத் தசை செத்துச் சுருங்கி, விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடும். கட்டுப் போட்ட பிறகு விரல் வெளுப்பது, மரத்துப்போவது, விரலை நீட்டினால் உயிர்போகிற வலி வருவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் கட்டை அந்த நிமிடமே அவிழ்த்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரத் தாமதம் ஒரு கையின் ஆயுளைத் தீர்மானித்துவிடும்.

லாரி ஓட்டுநருக்கு வரும் ஆபத்து வேறுவகை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உட்கார்ந்து ஓட்டித் திரும்பியவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாகி வலித்தால், அங்கே ஆழ் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் ஆளையே கொல்லலாம். தொடர்ந்து வண்டியோட்டுகிறவர்கள் நிறைந்த மாவட்டத்தில் நீவுகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இடது தோளிலும் கையிலும் பரவும் வலியை "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டு நீவிக்கொள்கிறார்கள். வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், நீவுவதில் கழியும் நேரம் இதயத் தசை சாகும் நேரம். சர்க்கரை நோயால் உணர்வு மரத்த பாதத்தில் சூடான ஒத்தடம் வைத்தால் வெந்துபோவதுகூட அவருக்குத் தெரியாது. முடிதிருத்தும் கடையில் கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கெடுக்கும் பழக்கத்தை முற்றாக விட்டுவிட வேண்டும். மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். 2017இல் தில்லிப் பகுதியில் இப்படிச் சொடுக்கெடுத்துக்கொண்ட ஒருவருக்கு, மூச்சுவிட உதவும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு செயலிழந்தது செய்தியானது. இரவில் தூங்கவிடாத முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், மாலைக் காய்ச்சல், காலில் பலம் குறைதல், சிறுநீர் போவது தெரியாமல் போதல் ஆகிய எதுவும் கூட இருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். முதுகெலும்புக் காசநோயும் புற்றுநோயும் முதலில் வெறும் முதுகுவலியாகவே வரலாம்.

கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்ற நம்பிக்கை இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. திடீர் இடுப்புப் பிடிப்பில் பெரும்பாலானவை சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் தாமாகவே தணியும். மிதித்தவருக்கும் மந்திரித்தவருக்கும் புகழ் சேர்வது அதனால். அதே புகழ் மையத்து இயந்திரத்துக்கும் சேர்கிறது. தானாகத் தணியும் நோயில் எந்தச் சிகிச்சையையும் அதன் வெற்றிக் கதைகளைக் கேட்டு எடைபோட முடியாது. அதனால்தான் மேலே சொன்னதுபோல் குழு பிரித்துப் பார்க்கும் ஆய்வுகளை நம்ப வேண்டியிருக்கிறது.

தொடுகிறவரைச் சமூகம் எப்படி நடத்தியது என்பதும் இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்தினர்தான் நெடுங்காலம் புண்ணைக் கீறினார்கள், சுளுக்கு வழித்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பேறு பார்த்தார்கள். ஊரின் உடம்பை அறிந்தவர்களை ஊர் தாழ்வாக வைத்தது. அறிவைப் பதிவு செய்யவோ, பள்ளியில் கற்கவோ, தவறைப் பிறரோடு விவாதிக்கவோ அவர்களுக்கு வழி இல்லாமல்போனது. இன்று அவர்கள் விளக்கங்களைக் குறைசொல்லும் நாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது சித்த மருத்துவம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிசியோதெரபிக்கு 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவப் பணிகள் சட்டம் வந்திருக்கிறது. பரம்பரையாக நீவுகிறவர் இரண்டிலும் இல்லை. அவரைப் போலி என்று விரட்டுவது எளிது. விரட்டினாலும் மக்கள் அவரிடமே போவார்கள், ஏனென்றால் அவர் தொடுகிறார், பேசுகிறார், வீட்டுக்கே வருகிறார். எந்த வீக்கத்தைத் தொடக்கூடாது, எந்த வலியை உடனே அனுப்ப வேண்டும் என்று ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது விரட்டுவதைவிடப் பல கைகால்களைக் காப்பாற்றும்.

பெண்களின் நிலை தனி. கரும்புக்குச் சோகை உரிக்கிறவர்களிலும் வாழைத்தார் சுமக்கிறவர்களிலும் பெண்கள் உண்டு. முதுகைக் காட்டி ஓர் ஆணிடம் நீவிக்கொள்ள அவர்களால் முடியாது. வீட்டில் மகளோ மருமகளோ தைலம் தேய்த்துவிடுவதோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, இடுப்பை நீவி, வெந்நீர் ஊற்றிய மூத்த பெண்கள் அருகிவிட்டார்கள். அந்த வேலையைச் செய்யும் பயிற்சி பெற்ற பெண்கள் கிராமத்தில் இல்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சையைக் கொண்டுபோகிறது. பக்கவாதத்தில் விழுந்தவருக்கும் முதியவருக்கும் அது பெரும் உதவி. உழைத்துத் தேய்ந்த நாற்பது வயதுப் பெண்ணின் இடுப்பும் அதே கவனத்துக்கு உரியது. அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பெண் தன்னார்வலர்களுக்கு மென்மையாக நீவவும், நான்கு எளிய அசைவுகளைச் சொல்லித்தரவும் கற்பித்தால், இந்த இடைவெளியில் பெரும்பகுதி நிரம்பும்.

இது எட்டாத ஆசையல்ல என்பதற்கு வேலூர் சான்று. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். அறுவைக்குப் பின் விரல்களுக்குப் புது அசைவைக் கற்றுத்தரும் பயிற்சி இல்லாவிட்டால் அந்த வேலை முழுமை பெற்றிருக்காது. தொழுநோய்ப் பணியில் வழக்கமாகிவிட்ட இன்னொரு எளிய முறை, கையை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, மடங்கிய விரல்களைத் தொடையின்மேல் வைத்து மற்றக் கையால் நீவி நீவி நிமிர்த்துவது. அதைச் செய்கிறவர் நோயாளியேதான். உணர்வு மரத்த தோலில் வெடிப்பும் புண்ணும் வராமல் கண்ணால் பார்த்துப் பார்த்து, தன் கையால் தன் கையை நாள்தோறும் நீவிக்கொள்கிறார். எண்ணெயும் தொடுதலும் அசைவும் இதில் ஒன்றாக இருக்கின்றன. விலை கொடுத்து வாங்க வேண்டியது எண்ணெய் மட்டும்தான். உடைந்த முடிச்சு, பிரிந்த ஒட்டு என்ற எந்தக் கதையும் இதற்குத் தேவைப்படவில்லை.

மோகனூர்ப் பக்கத்து இடுப்புக்கும் தோளுக்கும் இதையே செய்யலாம். நீவுகிறவர் பத்து நிமிடம் நீவட்டும். மீதிப் பத்து நிமிடத்தில் வந்தவரை எழுப்பி நிறுத்தி, குனிந்து நிமிரவைத்து, கையைச் சுவரில் மெல்ல ஏற்றவைத்து, வீட்டில் எப்படிச் செய்வது என்று காட்டி அனுப்பட்டும். மாதம் முழுக்க வரச் சொல்வதைவிட, நான்கு தடவைக்குள் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளப் பழக்குவதைத் தன் திறமையின் அளவுகோலாக அவர் வைத்துக்கொள்ளட்டும். வருகிறவரும் "எத்தனை நாள்ல சரியாகும்" என்பதோடு, "நான் வீட்ல என்ன செய்யணும்" என்றும் கேட்கட்டும். என்ன வேலை செய்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை கட்டு ஏற்றுகிறார், கட்டைச் சிறிதாகக் கட்ட முடியுமா, இருவராகச் சேர்ந்து தூக்க முடியுமா, வண்டி ஓட்டும்போது எத்தனை மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கிறார் என்று எண்ணெய் தொடும் முன்பே விசாரிக்க வேண்டும். வெட்டுப் பருவம் நடக்கும்போது வந்த இடுப்புவலி, அதே எடையுள்ள கட்டை மறுநாளும் தூக்கினால் எந்தக் கைக்கும் அடங்காது.